வாசலோடு நிற்கும் வைத்தியம்

காலையில் கட்டிலை விட்டு இறங்கி வைக்கும் முதல் அடியிலேயே குதிகாலில் ஊசி ஏறும். குதிகாலிலிருந்து விரல்வரை ஓடி, பாத வளைவைத் தாங்கும் நார்ப்பட்டை நொந்துபோயிருக்கிறதாம். டாக்டர் எம்.சி.ஆர். செருப்பு எழுதித் தந்தார். தொழுநோயில் உணர்விழந்த பாதங்கள் புண்ணாகாமல் காக்க வேலூர்ப் பக்கம் போட்டுவிட்ட அதே மெத்து ரப்பர்தான். கட்டைவிரலால் அழுத்தினால் பள்ளம் விழுந்து பொம்மென்று எழும்புகிறது.

ஆசையாய்ப் போட்டுக்கொண்டு வந்தால் நிலைப்படியிலேயே மறியல். "செருப்போடயாடா உள்ள வர்றே? சாமி படம் இருக்கிற வீடு!" என்றார் அம்மா.

ஆக, பால் வாங்கப் போகும் பத்து நிமிஷம் சிகிச்சை. மிச்ச நேரமெல்லாம் கடன் வாங்கிப் பதித்த டைல்ஸில் வெறுங்கால். செருப்பு மட்டும் வாசலில் சொகுசாக ஓய்வெடுக்கிறது.

பெரியம்மா வந்தார். செங்கல்லைச் சுட வைத்து, மேலே எருக்கிலை போட்டு மிதிக்கச் சொன்னார். ஹால் நடுவில் செங்கல்லுக்குத் தடையில்லை; ரப்பருக்குத்தான் தீட்டு.

உங்களுக்கும் இதே கதிதான் என்றால், வீட்டுக்குள் போட இன்னொரு ஜோடி வாங்கிவிடுங்கள். பூஜையறை வாசலில் கழற்றினால் போதும்.