பில்ல நீ வெச்சுக்க கண்ணு

அண்ணன் கை நீட்ட மாட்டார். மளிகைக் கடை, மருந்துக் கடை, பெட்ரோல் பங்க், எங்கே பில் நீண்டாலும் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு என்னைப் பார்ப்பார். "நீ வாங்கிக்க கண்ணு." சரி, பில்லே வேண்டாம் என்று வந்துவிடலாமா என்றால் அதுவும் ஆகாது. பில் வாங்காமல் அண்ணன் எந்தக் கடைப் படியும் இறங்கியதில்லை. கணக்கில் அவ்வளவு கறார். தொடத்தான் மாட்டார்.

தொடாததற்குக் காரணம் கேட்டுவிடாதீர்கள். நான் கேட்டேன், அவிநாசி போய்ச் சேரும்வரை சொன்னார். அந்த வழவழ பில்லில் மை கிடையாது. காகிதத்தின் மேல் பூசிய மருந்து சூடு பட்டுக் கறுத்து எழுத்தாகிறது. அந்தப் பூச்சில் பிஸ்பினால்-ஏ என்று ஒன்று உண்டு. எதனோடும் கெட்டியாகப் பிணையாமல் கிடப்பதால் விரலில் ஒட்டிக்கொண்டு வரும். உடம்புக்குள் போனால் ஈஸ்ட்ரோஜன் ஹார்மோன் வேஷம் கட்டும். ஐரோப்பாவில் 2020 ஜனவரியிலிருந்து இந்தக் காகிதத்தில் அதற்குக் கட்டுப்பாடு. அதற்குப் பதிலாக வந்த பிஸ்பினால்-எஸ் மட்டும் யோக்கியமா? "பேரு மாத்திக்கிட்டு வந்த பங்காளி கண்ணு அது" என்பார் அண்ணன். எல்லாம் உண்மை. அதுதான் தொல்லையே. புளுகுகிற ஆளாக இருந்தால் சிரித்துவிட்டுப் போய்விடலாம்.

ஒருநாள் கார் சர்வீசுக்குப் போயிருந்ததால் பல்லடத்துக்கு பஸ்ஸில் போனோம். கண்டக்டர் மிஷினில் கிழித்து நீட்டினார். அண்ணன் ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு, மறு கையை இடுப்புக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டு, மோவாயால் என்னைக் காட்டினார். கண்டக்டர் அந்தக் கையையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு முன் சீட்டுப் பையனைத் தட்டி, "தம்பி எந்திரி, அவருக்குக் கை முடியாது" என்றார். அண்ணன் மறுக்கவில்லை. உட்கார்ந்துகொண்டார். நான் இரண்டு டிக்கெட்டோடு பல்லடம்வரை நின்றேன்.

பேக்கரியில் இன்னும் மோசம். தேங்காய்ப் பன் தின்ற கையோடு நான் பில்லை வாங்கிச் சட்டைப்பையில் வைத்த பிறகு நிதானமாகச் சொல்வார்: "எண்ணெய்க் கையில தொட்டா இன்னும் சாஸ்தியா ஏறுமாமா." முன்னாலேயே சொன்னால் என்னவாம்?

என் சட்டைப்பையில் எப்போதும் ஒரு கத்தை இருக்கும். மாதக் கடைசியில் எடுத்தால் பாதி வெளுத்துப் போயிருக்கும். ஒருமுறை மிக்ஸி ரிப்பேருக்கு வாரண்டி பில் கேட்டார். நீட்டினேன். தொடாமல் குனிந்து பார்த்து, "எழுத்தெல்லாம் எங்க போச்சு?" என்றார்.

"என்ற உடம்புக்குள்ள போயிருச்சுங்ணா."

சிரிக்கவில்லை. யோசித்தார்.

மற்ற பழக்கங்களைச் சொல்ல இடம் போதாது. காரில் செப்புச் சொம்பு இருக்கும். பேப்பர் கப்பில் டீ வந்தால் பையிலிருந்து சொந்த டம்ளர் வெளியே வரும். சுடச்சுடச் சாம்பாரைப் பிளாஸ்டிக் பையில் கட்டுகிறவரைப் பார்த்தால் போதும், கைமாற்றுக் கொடுத்து ஏமாந்தவர் மாதிரி ஒரு பார்வை.

ஒன்றைச் சொல்லாமல் விட்டால் என் நாக்கு அழுகிவிடும். என் வீட்டுக்காரி மாசமாக இருந்தபோது அண்ணன் ஒரு எவர்சில்வர் அடுக்கு செட்டைக் கொண்டுவந்து இறக்கி, சமையல்கட்டில் இருந்த பிளாஸ்டிக் டப்பா அத்தனையையும் தூக்கிப்போனார். மருந்துக் கடையில் அவள் பில்லுக்குக் கை நீட்டியபோது, "அம்மணி, நீங்க தொடாதீங்க" என்று பாய்ந்து அவரே பிடுங்கிக்கொண்டார். வெறும் கையால். அவர் பில் தொட்டு நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

அதனால்தான் அவருடைய பிரிண்டிங் பட்டறைக்குள் போனால் எனக்கு ஆறுவதில்லை. பனியன் மேல் ரப்பர் மாதிரி பளபளக்கும் படத்துக்கு பிளாஸ்டிசால் பேஸ்ட். அடிப்படை பி.வி.சி.; அதை இளக்குவதற்கு வழக்கமாகச் சேர்ப்பது தாலேட், அதுவும் ஹார்மோனைக் கெடுக்கிற சாதிதான். குழந்தைச் சாமான்களில் முக்கியமான தாலேட்டுகளுக்கு ஐரோப்பா வைத்த வரம்பு 0.1 சதவீதம். அதனால் எக்ஸ்போர்ட் ஆர்டருக்கு தாலேட் இல்லாத பேஸ்ட் தனி டின்னில் வரும். அதற்கு லேப் டெஸ்ட், அதற்கு ரிப்போர்ட், அதற்கு ஒரு ஃபைல். பக்கத்து டேபிளில் லோக்கல் ஆர்டர் ஓடும். அதற்கு எந்த டின் என்று நான் கேட்டால், "லோக்கலுக்கு யாரு கண்ணு டெஸ்ட் கேக்கறாங்க?" பேஸ்ட் தள்ளுகிற ஒடிசாப் பையன்களின் முழங்கை வரைக்கும் சிவப்பும் நீலமும். பனியன் வேஸ்ட்டில் துடைத்துக்கொண்டு சோறு தின்னப் போகிறார்கள். அவர்களுக்கு அவிநாசிவரை விளக்கம் சொல்ல அண்ணனுக்கு இந்தி வராது.

அண்ணனை மட்டும் சொல்வானேன். துணி அலசும் சோப்பு வகைகளில் இருந்த நோனைல்பினால் எத்தாக்சிலேட்டுக்கு 2021 பிப்ரவரியில் ஐரோப்பா அங்கே விற்கும் துணியில் 0.01 சதவீதம் என்று வரம்பு கட்டியது. அவர்கள் வீட்டில் அந்தத் துணியைத் துவைத்த தண்ணீர் அவர்கள் ஆற்று மீனைக் கெடுக்கிறதாம். கெடுக்கும்தான். கப்பல் ஏறுமுன் அதே துணியை நாம் எத்தனை தண்ணீரில் அலசினோம்? 2011 ஜனவரி 28 அன்று உயர்நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லும்வரை இந்த ஊருக்கு பில் வாங்கிய கை நொய்யல் ஆறு. அந்த ஆற்றில் 1992இல் பாசனத்துக்கென்று திறந்த ஒரத்துப்பாளையம் அணையிலிருந்து தண்ணீரை விட்டுவிடாதீர்கள் என்று கீழே இருந்த விவசாயிகளே கும்பிட்டார்கள்.

என் மகளின் காதுகுத்துக்கு அண்ணன் வந்தார். குழந்தைக்கு ஒரு மஞ்சள் பனியன், நெஞ்சில் பளபளவென்று ஒரு கரடி. காதர்பேட்டையில் வாங்கியது. அங்கே எக்ஸ்போர்ட் மீதியும் தொங்கும், லோக்கலும் தொங்கும்.

"அண்ணா, இது எந்தச் சரக்குங்க?"

அண்ணன் கரடியைக் கட்டைவிரலால் ஒருமுறை அழுத்திப் பார்த்தார். கையை எடுத்து வேட்டியில் துடைத்தார். "கடை பேரு மறந்துபோச்சு. நீயும்தான கூட வந்த? பில் உன்கிட்டத்தான் இருக்கும், பாரு."

தேடினேன். இருந்தது. ஒரு எழுத்து மிச்சமில்லாமல் வெள்ளையாக.