ஆழ்வெள்ளி ஆராய்ச்சி: தென்காசிச் சீமையில் டிடெக்டரின் குமிழ்களை வைக்கும் முறை

மெட்டல் டிடெக்டர் என்றதும் நம்மவர்களுக்கு நினைவில் வருவது, உள்ளே நுழையும் எல்லோருக்கும் ஒலி எழுப்பி ஒருவரையும் நிறுத்தாத வாசல் சட்டம்தான். அதன் ஒன்றுவிட்ட தம்பியாகிய நீண்ட கைப்பிடிக் கருவி, வட்டமான காயிலைத் தரைக்குமேல் வீசி வீசி மண்ணுக்குள் கிடக்கும் காசைத் தேடுவது, இதுவரை தமிழாய்வுலகின் கண்ணில் படவில்லை. ஆழத்தில் புதைந்த வெள்ளிக்காசுக்கு அதன் குமிழ்களை எப்படி வைப்பது என்பதற்குக் கையேடுகள் மூன்று விதிகளைச் சொல்கின்றன. அதிர்வெண்ணைத் தாழ்த்து, சென்சிட்டிவிட்டியை முழுக்கத் திருகு, இரும்பையும் குப்பையையும் விலக்கும் டிஸ்கிரிமினேஷனைப் போட்டுவை. இம்மூன்றும் அயலார் மடிப்பையைப் பார்த்து எழுதப்பட்டவை என்பதும், தென்காசி, செங்கோட்டை, குற்றாலம் ஆகிய மூன்றூர் எல்லைக்குள் குமிழின் நிலையை இயற்பியலுக்கு முன்பே நாணய வரலாறு தீர்மானித்துவிட்டது என்பதும் இக்கட்டுரையின் துணிபு.

அதிர்வெண்ணை முதலில் எடுத்துக்கொள்வோம். காயில் அனுப்பும் மாறுகாந்தப் புலம் காசுக்குள் சுழல்மின்னோட்டத்தை எழுப்புகிறது. அந்த ஓட்டம் திருப்பி அனுப்பும் சிறு புலத்தைத்தான் கருவி கேட்கிறது. உலோகங்களுக்குள் மின்சாரத்தை மிக நன்றாகக் கடத்துவது வெள்ளி. ஆகவே பருமனான வெள்ளிக்காசில் எழும் ஓட்டம் எளிதில் அடங்காது; ஐந்து முதல் எட்டு கிலோஹெர்ட்ஸ் வரையிலான தாழ்ந்த அதிர்வெண்ணே அதற்குப் பொருந்தும். கையேட்டுக்காரர் மனத்தில் இருப்பது 1964 வரை தொண்ணூறு விழுக்காடு வெள்ளியில் அடித்த அமெரிக்கப் பத்து சென்ட், எடை 2.5 கிராம். ஆங்கிலேயர் காலத்துக் கால் ரூபாய் 2.92 கிராம், பன்னிரண்டில் பதினொரு பங்கு வெள்ளி. இரண்டும் ஏறத்தாழ ஒரே வார்ப்பு. எனவே சென்னை மாகாணத்தின் திருநெல்வேலி ஜில்லாவில் இருந்த தென்காசிக்கு அமெரிக்கக் கையேடு அப்படியே செல்லும்.

செங்கோட்டைக்குச் செல்லாது. 1956 நவம்பர் 1 வரை செங்கோட்டை இம்மாகாணத்தைச் சேர்ந்ததன்று. அது திருவிதாங்கூர்ச் சீமை. 19-ஆம் நூற்றாண்டில் அங்கே புழங்கிய வெள்ளிச் சக்கரம் அரை கிராம்கூடத் தேறாத ஒரு பொடிக்காசு. ஆங்கில ரூபாய் ஒன்றுக்கு இருபத்தெட்டரைச் சக்கரம். விரலால் எண்ணி மாளாது என்பதால், வரிசை வரிசையாகக் குழி தோண்டிய பலகையில் கொட்டிக் குலுக்கி, குழி நிறைந்ததை வைத்துத் தொகையைக் கணக்கிட்டார்கள். கையில் இருக்கும்போதே எண்ணுவதற்குக் கருவி கேட்ட காசு, மண்ணுக்குள் போனபின் தாழ்ந்த அதிர்வெண்ணுக்கு அகப்படும் என்று எதிர்பார்ப்பது மிகை. வெள்ளியே ஆனாலும் அவ்வளவு மெல்லிய, சிறிய தகட்டில் ஓட்டம் எழுந்த கையோடு அடங்கிவிடும்; அதைக் கேட்க அதிர்வெண்ணைப் பதினைந்து, இருபது கிலோஹெர்ட்ஸுக்கு ஏற்றியாக வேண்டும். தென்காசியிலிருந்து மேற்கே போகிறவர் பழைய சமஸ்தான எல்லையைத் தாண்டும்போது குமிழையும் திருப்ப வேண்டும் என்பது இதனால் பெறப்படும். சுங்கச்சாவடி போய்விட்டது, குமிழின் கடமை போகவில்லை.

இங்கே ஒரு தடை எழுப்பலாம். காசுக்கு எல்லை ஏது? தென்காசிச் சந்தைக்கு வந்த செங்கோட்டைக்காரர் மடியில் சக்கரமும், ஆரியங்காவுக் கணவாய் வழியே போன வியாபாரி மடியில் ரூபாயும் இருந்திருக்கும் அல்லவா? இருந்திருக்கும், மறுக்கவில்லை. ஆனால் மண்ணில் கிடப்பது மடியில் இருந்த காசு முழுவதும் அன்று, தொலைந்து மீளாத காசு மட்டுமே. 11.66 கிராம் எடையுள்ள முழு வெள்ளி ரூபாய் கை நழுவினால் வீடே விளக்கெடுத்துத் தேடியிருக்கும். கிடைக்காத வரையில் யாரும் சோறு தின்றிருக்கமாட்டார்கள். அதாவது விழுந்த ரூபாய்கள் பெரும்பாலும் விழுந்த அன்றே எடுக்கப்பட்டுவிட்டன; கருவி கண்டுபிடிக்கப்படுவதற்கு முன்பே வேலை முடிந்துவிட்டது. எஞ்சுவது சில்லறை. திருவிதாங்கூர்ப் பக்கத்தில் சில்லறை என்றால் சக்கரம். ஆங்கிலப் பக்கத்தில் கால் ரூபாயும் 1917 வரை வெள்ளியில் அடித்த இரண்டணாவும். அந்தந்தச் சில்லறை அந்தந்தச் சந்தையில்தான் அதிகம் சிந்தியிருக்கும். எல்லையைக் காசு தாண்டியது என்ற வாதம் பெருங்காசுக்குப் பொருந்தும், தேடுகிறவனுக்கு உதவாது. குடத்தில் இட்டுப் புதைத்த குவியல் வேறு வகை. அது மொத்தமாய் ஒலிக்கும் என்பதால் அதற்கு ஆய்வு தேவையில்லை, அதிர்ஷ்டம் போதும்.

அடுத்தது சென்சிட்டிவிட்டி. இவ்விஷயத்தில் அறிஞர் இரு கட்சியாகப் பிரிவர். முழுக்கத் திருகினால் முழு ஆழம் தெரியும் என்பது திருகுவாதிகளின் கொள்கை. அது கணக்கிலேயே தோற்கிறது. ஆழம் காயிலின் அளவைத் தாண்டியபின், சிறிய காசிலிருந்து திரும்பிவரும் சைகை ஆழத்தின் ஆறாம் அடுக்கில் குறையும். ஆழம் இரட்டித்தால் சைகை அறுபத்துநான்கில் ஒரு பங்காகும். இதையே திருப்பிப் போட்டால், கருவியின் கேட்கும் திறனை இரண்டு மடங்காக்கியும் கிடைப்பது நூற்றுக்குப் பன்னிரண்டு ஆழம். எட்டு அங்குலம் ஒன்பது ஆகும், அவ்வளவே. அந்த ஓர் அங்குலமும் மண் சும்மா இருந்தால்தான். செம்மண்ணின் சிவப்பே இரும்பு ஆக்சைடு. குமிழை ஏற்ற ஏற்றக் கருவி காசோடு சேர்த்து மண்ணையும் கேட்கத் தொடங்கும். முடிவில் மண்ணை மட்டுமே கேட்கும். குற்றாலப் பேரருவிக்கு அடியில் நின்றுகொண்டு பக்கத்தில் இருப்பவர் சொல்லும் ரகசியத்தைக் கேட்கக் காதை இன்னும் அகலத் திறப்பதால் பயனில்லை. கூடவே அருவியும் உள்ளே வரும். ஆகவே தணிப்பதே சித்தாந்தம்: காயிலை மேலும் கீழும் அசைத்து மண்ணின் ஒலி அடங்கும்வரை கிரவுண்ட் பேலன்ஸைச் சரிசெய்து, இரைச்சல் நிற்குமிடம் வரை சென்சிட்டிவிட்டியைக் குறைத்து, மெல்ல நடக்க வேண்டும். அந்தச் சரிபார்ப்புக்கு உலோகமே இல்லாத ஒரு முழம் நிலம் வேண்டும். சீசன் முடிந்த குற்றாலத்தில் அப்படியொரு முழத்தைக் காட்டுபவருக்கு இக்கட்டுரையைக் காணிக்கையாக்கலாம்.

ஏனெனில் அங்கே நிலம் ஊக்காலும் ஹேர்பின்னாலும் சோடா மூடியாலும் ஆனது. இதைக் கண்டு மனம் தளர்ந்தவர்கள் மூன்றாம் விதிக்குப் போவார்கள்: இரும்பை விலக்கு. விலக்கலாம், கூடவே வெள்ளியும் விலகும். ஆழமான காசு இரும்பு கலந்த மண்ணில் தன் சாயலை இழந்து இரும்பைப் போலவே ஒலிப்பதுண்டு. பக்கத்தில் ஓர் ஊக்கு கிடந்தால் கேட்கவே வேண்டாம். பொடிச் சக்கரமோ காகித மெலிவான அலுமினியத் துண்டோடு ஒரே வகுப்பில் சேர்க்கப்பட்டு வெளியே தள்ளப்படும். எனவே விலக்கும் குமிழைச் சுழியத்தில் வைத்து எல்லாவற்றையும் தோண்டுவதே நெறி. இதற்கு எதிராக முதுகுவலியைச் சான்று காட்டுவோர் உளர். அது மருத்துவத் தடை, தருக்கத் தடை ஆகாது.

குற்றாலத்தைப் பற்றி வேறொரு சிக்கலும் உண்டு. பிறவிடங்களில் காசு மண்புழு தள்ளும் மண்ணாலும் வண்டலாலும் மூடப்பட்டுக் கீழே போகும். பேரருவியின் அடியிலோ பாறை. அங்கே விழுந்த வெள்ளி கீழே போக வழியின்றிக் கிழக்கே போகிறது: சிற்றாற்றின் சரளை இடுக்குகளில் தங்கித் தங்கி, வெள்ளம் வரும்போது இடம் மாறி, தாமிரபரணி வரை. அங்குலத்தில் அளக்க வேண்டிய ஆழம் குற்றாலத்தில் மைலில் அளக்கப்படும் ஒன்றாகிவிடுகிறது. இந்த அமைப்புக்கு எந்தக் கருவியிலும் குமிழ் கிடையாது.

கடைசித் தடை சட்டத்தின் தடை. 1878-ஆம் ஆண்டின் இந்தியப் புதையல் சட்டப்படி, மண்ணில் மறைந்து கிடந்து கிடைத்த பொருள் பத்து ரூபாய் மதிப்பைத் தாண்டினால் கலெக்டருக்கு எழுத்துமூலம் அறிவிக்க வேண்டும். மறைத்தால் ஓராண்டு வரை சிறை. பாதுகாக்கப்பட்ட தொல்லிடத்தில் தோண்டுவதற்கு வேறு சட்டம் உண்டு, அது சரியானதும்கூட. 2021-இல் கீழடியில் கிடைத்த முத்திரை வெள்ளிக்காசுக்கு மதிப்பு வந்தது அது எந்த அடுக்கில் கிடந்தது என்று தெரிந்ததால்தான். ஒலி கேட்ட இடத்தில் கடப்பாரையைப் போடுபவனிடம் எஞ்சுவது வெறும் வெள்ளி. ஆகையால் மேற்கண்ட முறைகளை நிலத்துக்குரியவரின் சம்மதத்தோடு அவரவர் தோட்டத்தில் கையாள்வதே தகும். பத்து ரூபாய் வரம்பு காலாவதியானது என்று வாதிடுவோர், அது வெள்ளி ரூபாயாக எழுதப்பட்டது என்பதை மறக்கிறார்கள். அன்றைய பத்து ரூபாய் நூற்றுப்பதினாறு கிராம் நாணயம். செங்கோட்டைக்காரர் அந்தத் தொகையை எட்ட இருநூற்றெண்பத்தைந்து சக்கரம் தோண்ட வேண்டியிருந்திருக்கும். இன்றோ ஒற்றைச் சக்கரமே வரம்பைத் தாண்டும். 2019 நவம்பர் 22 முதல் தென்காசிக்கே தனி மாவட்டமும் கலெக்டரும் இருப்பதால் மனுவோடு திருநெல்வேலிக்குப் பஸ் ஏற வேண்டிய சிரமமும் இல்லை. மனுவில் எழுத வேண்டியவை பொருளின் தன்மை, அளவு அல்லது உத்தேச மதிப்பு, கிடைத்த இடம், கிடைத்த தேதி. எத்தனை அங்குல ஆழத்தில், எத்தனை கிலோஹெர்ட்ஸில் என்று சட்டம் கேட்கவில்லை.