சும்மா இருத்தலின் கேடு

புல்வெட்டி, ஸ்னோபுளோயர், ஜெனரேட்டர், தண்ணீர் பம்ப் ஆகியவற்றை ஓட்டுகிற, பெரும்பாலும் ஒரே சிலிண்டர் கொண்ட, காற்றாலேயே குளிர்ந்துகொள்ளும் பெட்ரோல் எஞ்சினுக்குச் சிறு எஞ்சின் என்று பெயர். வட அமெரிக்கப் புறநகர் வீட்டின் கராஜில் இது சோடியாக வாழும். ஏறி உட்கார்ந்து ஓட்டும் புல்வெட்டி மே முதல் அக்டோபர் வரை உழைக்கும். பனியை வாரி வீசும் ஸ்னோபுளோயர் டிசம்பர் முதல் மார்ச் வரை உழைக்கும். மற்ற மாதங்களில் இரண்டும் முறை வைத்து மூலையில் படுத்திருக்கும். இவற்றின் நோய்களில் பெரும்பாலானவை அந்தப் படுக்கையில் பிடிப்பவை. சும்மா இரு என்ற உபதேசம் ஞானிகளுக்குப் பலித்திருக்கலாம், கார்புரேட்டருக்கு ஒத்துக்கொள்வதில்லை.

புல்வெட்டியின் மூதாதை ஒரு துணி ஆலை இயந்திரம். கம்பளித் துணியின் மேல் துருத்தி நிற்கும் மயிரைச் சீராகக் கத்தரிக்கும் உருளையைக் கண்ட எட்வின் பட்டிங், அதே வைத்தியத்தைப் புல்லுக்கும் செய்யலாம் என்று யோசித்து, 1830-ல் இங்கிலாந்தின் ஸ்ட்ரௌட் பகுதியில் இருந்தபடி காப்புரிமை பெற்றார். ஸ்னோபுளோயரின் மூதாதை கதிரடிக்கும் இயந்திரம். அதைப் பார்த்துக் கியூபெக்கின் ஆர்தர் சிகார் 1925-ல் பனி வீசும் வண்டியைக் கட்டினார். 1927-ல் மான்ட்ரியாலை ஒட்டிய ஊத்ரமோன் நகரம் அவரிடம் ஒன்றை வாங்கியது. ஆக ஒன்று துணி ஆலையிலிருந்து வந்தது, மற்றது களத்துமேட்டிலிருந்து வந்தது. இரண்டும் ஒரே கராஜில் சம்பந்திகளாக அடைபட்டது இரண்டாம் உலகப் போருக்குப் பிறகுதான். 1953-ல் பிரிக்ஸ் அண்ட் ஸ்ட்ராட்டன் நிறுவனம் எடை குறைந்த அலுமினிய எஞ்சினைக் கொண்டுவந்தது. 1960-ல் விஸ்கான்சினின் பிரில்லியன் ஊரில் ஏரியன்ஸ் நிறுவனம் ஸ்னோ-த்ரோ என்ற ஸ்னோபுளோயரை விற்கத் தொடங்கியது. 1963-ல் ஜான் டீரின் 110 என்ற தோட்ட டிராக்டர் வந்தது.

அலுமினியத்துக்கு முந்தைய வார்ப்பிரும்பு எஞ்சின்களைப் பற்றி ஒரு புராணம் உண்டு. தாத்தா வாங்கிய எஞ்சின் ஐம்பது வருடமாக ஓடுகிறது, இந்தக் காலத்துச் சரக்கு ஐந்து வருடம் தாங்குவதில்லை என்பது அதன் சாரம். புராணத்தில் ஓரளவு உண்மையும் இருக்கிறது. ஆனால் காயலான் கடைக்குப் போன தாத்தா எஞ்சின்களை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. ஐம்பது வருடம் ஓடிய ஒன்று மட்டும் கராஜில் நின்று, ஓடாமல் போன மற்ற எல்லாவற்றின் சார்பாகவும் சாட்சி சொல்கிறது.

பழுதுபார்க்கும் கடைகளில் வசந்தத்தின் முதல் வாரத்திலும் முதல் பனி விழுந்த மறுநாளிலும் ஒரே வாக்கியம் கேட்கும்: “போன தடவை நன்றாகத்தான் ஓடியது.” இந்த வாக்கியம் முற்றிலும் உண்மையானது. ஓடிக்கொண்டிருந்த எஞ்சினை உரிமையாளர் அப்படியே நிறுத்திவிட்டுப் போனார். மீதி வேலையை பெட்ரோல் பார்த்துக்கொண்டது.

வேலை நடப்பது இப்படி. கார்புரேட்டரின் அடியில் ஒரு சிறு கிண்ணம் இருக்கிறது. அதில் தேங்கும் பெட்ரோல் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான துளை வழியாக மேலேறிக் காற்றோடு கலக்கிறது. எஞ்சின் மாதக்கணக்கில் நின்றால், பெட்ரோலில் எளிதில் ஆவியாகும் பகுதி முதலில் போய்விடும். மிஞ்சுவது பழுப்பு நிறப் பிசின். அது துளையில் போய் உட்காரும். இதற்குத் துணைக்கு வருவது எத்தனால். அமெரிக்க பங்க்குகளில் கிடைக்கும் பெட்ரோலில் பெரும்பகுதியில் 10 சதவீதம் வரை எத்தனால் உண்டு. அது காற்றின் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். ஈரம் அளவு மீறினால் தண்ணீரும் எத்தனாலும் கைகோத்துப் பெட்ரோலைவிட்டுப் பிரிந்து அடியில் இறங்கும். எஞ்சின் குடிப்பதோ அடியிலிருந்துதான். நிலைப்படுத்தும் திரவம் எதுவும் கலக்காத பெட்ரோலை ஒரு மாதத்துக்கு மேல் வைத்திருக்க வேண்டாம் என்று கையேடுகள் எச்சரிக்கின்றன. கையேடு வாங்கிய நாளிலிருந்து பிளாஸ்டிக் உறைக்குள் பத்திரமாக இருப்பதால், அந்த எச்சரிக்கையும் பத்திரமாக இருக்கிறது.

“பெட்ரோல் எப்போது ஊற்றியது?” என்று மெக்கானிக் கேட்பார்.

“புதுசுதான்” என்பார் உரிமையாளர்.

“புதுசு என்றால்?”

“போன செப்டம்பர்.”

இதற்குப் பிறகு கார்புரேட்டரைக் கழற்றுவதைத் தவிர வேறு வழியில்லை. துளையைக் குத்திச் சுத்தம் செய்ய அனுபவசாலிகள் கிதாரின் மெல்லிய தந்தியைப் பயன்படுத்துகிறார்கள். வீட்டில் இசை கற்கும் பிள்ளை இருந்தால் இது வசதி, பிள்ளைக்கு அல்ல. சீனத்தில் செய்த புதிய கார்புரேட்டர் பல மாடல்களுக்கு மெக்கானிக்கின் ஒரு மணி நேரக் கூலியைவிட மலிவாகக் கிடைப்பதால், சுத்தம் செய்யும் கலை மெல்ல அருகி, மாற்றும் கலை வளர்ந்து வருகிறது.

கிளப்பும் முறை எல்லா மாடலுக்கும் ஏறக்குறைய ஒன்று: பெட்ரோல் குழாயைத் திற, சோக்கைப் போடு, ரப்பர் குமிழை இரண்டு மூன்று தடவை அமுக்கு, கயிற்றை இழு. இருபது தடவை இழுத்தும் கிளம்பாவிட்டால் காரணங்கள் வரிசையாக வரும். பெட்ரோல் மிதமிஞ்சி ஸ்பார்க் பிளக் நனைந்திருக்கலாம். பிளக்கே தேய்ந்திருக்கலாம். திறந்ததாக நினைத்த குழாய் மூடியிருக்கலாம். பல ஸ்னோபுளோயர்களில் ஒரு பிளாஸ்டிக் சாவி உண்டு. அதைத் திருப்பக்கூட வேண்டாம். துளையில் செருகினால் போதும். செருகாதவரை யார் இழுத்தாலும் எஞ்சின் மதிக்காது. பூஜ்யத்துக்குக் கீழே 15 டிகிரியில் தோள் இறங்கும்வரை கயிறு இழுத்தவர், சாவி சமையலறை ஆணியில் தொங்குவதை மனைவி சொல்லித் தெரிந்துகொள்வது இந்தத் துறையின் பொது அனுபவம்.

அடம்பிடிக்கும் எஞ்சினுக்கு, எளிதில் தீப்பற்றும் திரவத்தைக் காற்றுத் துளையில் கொஞ்சம் பீய்ச்சி உசுப்பும் ஸ்பிரே டப்பாக்கள் விற்கின்றன. டொரோண்டோவின் ஸ்கார்பரோவில் வாழும் யாழ்ப்பாணத்தவர்களில் ஒரு தலைமுறைக்கு இந்த வித்தையை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. 1990-களின் பொருளாதாரத் தடைக் காலத்தில் யாழ்ப்பாணத்தில் பெட்ரோல் மருந்துபோலக் கிடைத்தது. சில துளி பெட்ரோலைக் கார்புரேட்டருக்குள் விட்டு மோட்டார் சைக்கிளைக் கிளப்பி, மிச்ச தூரத்தை மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். மண்ணெண்ணெயில் ஓடிய எஞ்சினைப் பார்த்தவர்கள், சுத்தமான பெட்ரோல் நிரம்பிய தொட்டியோடு ஓடாமல் நிற்கும் எஞ்சினை நம்ப முடியாமல் பார்ப்பது இயல்பு.

கிளம்பிய ஸ்னோபுளோயருக்குக் காத்திருக்கும் முதல் எதிரி நகராட்சி. டிரைவ்வேயைத் துடைத்துவைத்தாற்போலச் சுத்தம் செய்து முடித்ததும் தெருவைச் சுத்தப்படுத்தும் கலப்பை வண்டி வரும். வந்து, தெருவின் பனியையெல்லாம் உப்பும் சேறும் கலந்த ஒரு வரப்பாக வாசலில் போட்டுவிட்டுப் போகும். வானத்திலிருந்து விழும் பனி பஞ்சு. கலப்பை போடும் பனி ஈரமண். ஏரிக் காற்றால் பனி கொட்டும் பஃபலோ வட்டாரத்தில், 2022 நவம்பரில் ஆர்ச்சர்ட் பார்க்கில் சில நாட்களில் 6 அடிக்கு மேல் பனி விழுந்தது. அப்படிப்பட்ட ஊர்களில் ஒரு ஸ்னோபுளோயரின் தரத்தை முற்றத்துப் பனியில் யாரும் அளப்பதில்லை. வாசல் வரப்பில்தான் அளக்கிறார்கள்.

இரண்டாவது எதிரி செய்தித்தாள். விடியற்காலையில் வீசிய சுருள் பனிக்குள் புதைந்து கட்டையாக உறைந்திருக்கும். திருகுபோலச் சுழலும் முன்தகடு அதைக் கவ்வினால் ஏதாவது ஒன்று உடைந்தே தீர வேண்டும். எது உடைய வேண்டும் என்பதைத் தயாரிப்பாளரே முன்கூட்டி முடிவு செய்திருக்கிறார். ஷியர் பின் என்ற, எளிதில் முறியும் ஆணி பலியாகி, விலை உயர்ந்த கியர் பெட்டியைக் காப்பாற்றும். வண்டியிலேயே மிக நம்பகமான பாகம் இதுதான்: உடைவதற்கென்று படைக்கப்பட்டது, சொன்னபடி உடைகிறது. இரண்டு முறை உடைந்ததும் உரிமையாளருக்குக் கோபம் வரும். ஹார்டுவேர் கடையில் நல்ல கெட்டி இரும்பு போல்ட் வாங்கிப் போடுவார். அடுத்த செய்தித்தாளுக்கு போல்ட் உடையாது. கியர் பெட்டி உடையும்.

ஈரப்பனி வெளியேறும் குழாயில் அடைத்துக்கொள்வது வாடிக்கை. அதைக் கையால் தோண்டுவதில் மட்டும் நகைச்சுவை கிடையாது. எஞ்சினை நிறுத்திய பிறகும் உள்ளே முறுக்கேறி நிற்கும் விசை, அடைப்பு நீங்கிய கணத்தில் தகட்டைச் சுழற்றலாம். ஒவ்வொரு குளிர்காலத்திலும் கை அறுவை மருத்துவர்களிடம் விரல் இழந்தவர்கள் வருவதற்கு இது ஒரு காரணம். இதற்காகவே வண்டியில் ஒரு பிளாஸ்டிக் துடுப்பை மாட்டிக் கொடுக்கிறார்கள். அதற்குச் செலவு கிடையாது, பழுதாகாது, பெட்ரோல் கேட்காது.

புல்வெட்டியின் நோய்கள் வேறு ரகம். குளிர்காலம் முழுக்கத் தீண்டப்படாத 12 வோல்ட் பேட்டரி ஏப்ரலில் உயிரோடு இருக்காது. எஞ்சினைச் சுற்றிய குளிர்விப்புத் தகடுகளுக்கிடையே எலி குடும்பம் நடத்தி, பொழுதுபோக்குக்கு வயரைக் கடித்திருக்கும். வயர் பிழைத்தாலும் இருக்கைக்கு அடியில் ஒரு சுவிட்ச் இருக்கிறது. கத்தி சுழலும்போது ஓட்டுநர் எழுந்தால் எஞ்சினை அணைப்பது அதன் கடமை. கடமையில் அது மிகக் கண்டிப்பு: மேட்டில் குலுங்கி ஓட்டுநர் அரை அங்குலம் எழும்பினாலும் சில வண்டிகள் ராஜினாமாவாக எடுத்துக்கொள்ளும். நடந்து தள்ளும் புல்வெட்டிக்கும் இதேபோலச் சட்டம் உண்டு. அமெரிக்காவில் 1982 முதல், கைப்பிடியிலிருந்து கையை எடுத்த 3 விநாடிக்குள் கத்தி நின்றாக வேண்டும். கைப்பிடியைக் கயிற்றால் கட்டி வைப்பவர்கள் அதற்கு மறுநாளே தோன்றியிருப்பார்கள்.

எந்த வண்டி நம்பகமானது என்ற கேள்விக்கு உரிமையாளர்கள் நிறத்தால் பதில் சொல்வார்கள். பச்சைக் கட்சி, சிவப்புக் கட்சி, ஆரஞ்சுக் கட்சி என்று பிரிந்து, தேர்தலுக்குக் குறையாத ஆவேசத்தோடு வாதிடுவார்கள். பெயின்டுக்கு உள்ளே பல சமயம் ஒரே தொழிற்சாலையின் எஞ்சின் இருக்கும் என்பது வாதத்தைக் கெடுப்பதில்லை. ஒரே எஞ்சினுக்கு வெவ்வேறு குதிரைத்திறன் எண்களை ஒட்டி விற்றார்கள் என்ற வழக்கு விஸ்கான்சின் நீதிமன்றத்தில் நடந்து, 2010-ல் சமரசத்தில் முடிந்தது. அந்த வழக்குக் காலத்திலிருந்து பல வண்டிகளில் குதிரைகள் இறங்கிப்போய், கொள்ளளவும் முறுக்குவிசையும் எழுதப்படுகின்றன.

நம்பகத்தன்மைக்கான நெடுந்தூரச் சோதனை ஒன்று 1994-ல் அயோவாவில் தொடங்கியது. பார்வைக் குறைவால் கார் உரிமம் பெற முடியாத 73 வயது ஆல்வின் ஸ்ட்ரெய்ட், நோயுற்ற அண்ணனைப் பார்க்க லாரன்ஸ் ஊரிலிருந்து விஸ்கான்சினுக்குப் புல்வெட்டியில் புறப்பட்டார். தூரம் சுமார் 240 மைல், வேகம் மணிக்கு 5 மைல். கணக்குப்படி 48 மணி நேரப் பயணம். எடுத்துக்கொண்டது ஏறக்குறைய ஆறு வாரம். சில நாட்களிலேயே எஞ்சின் படுத்து, சுமார் 250 டாலர் செலவு வைத்தது. அண்ணன் வீட்டுக்கு இரண்டு மைல் இருக்கும்போது மறுபடியும் நின்றது. ஒரு விவசாயி கைகொடுக்க, மிச்ச தூரத்துக்கு வண்டி தள்ளப்பட்டது. டேவிட் லிஞ்ச் 1999-ல் இதைப் படமாக்கினார். வண்டி 1966-ல் செய்த ஜான் டீர் 110.

குறுகிய தூரச் சோதனை பாடகர் ஜார்ஜ் ஜோன்ஸுடையது. மதுக்கடைக்குப் போகாமலிருக்கக் கார் சாவிகளையெல்லாம் மனைவி ஒளித்துவைத்த நாளில், டெக்சாஸில் சுமார் 8 மைல் தூரத்தைப் புல்வெட்டியிலேயே கடந்ததாகச் சுயசரிதையில் அவரே எழுதியிருக்கிறார். அந்த எஞ்சின் முதல் முயற்சியில் கிளம்பியதா என்பதை உரிமையாளர்கள் எல்லோரும் கேட்க விரும்புவார்கள்.

1992-ல், ஏப்ரல் முட்டாள்கள் தின வேடிக்கையாக, அமெரிக்காவில் புல்வெட்டிப் பந்தயச் சங்கம் பிறந்தது. கத்திகளைக் கழற்றிவிட்டு ஓட்டும் இந்தப் பந்தயத்தை ஆதரித்து வளர்த்தது, பெட்ரோல் கெடாமல் காக்கும் திரவம் விற்கும் நிறுவனம். சும்மா கிடக்கும் எஞ்சின்களால் பிழைக்கிறவர் ஓடும் எஞ்சின்களுக்குக் கோப்பை கொடுத்தார்.

தடுப்பு முறைகள் எளியவை. பருவம் முடிந்ததும் தொட்டியில் நிலைப்படுத்தும் திரவத்தைக் கலந்து சில நிமிடம் ஓட்ட வேண்டும். அல்லது பெட்ரோல் தீரும்வரை ஓட்டிக் கிண்ணத்தைக் காலி செய்ய வேண்டும். ஆயிலை மாற்ற வேண்டும். பிளக்கைக் கழற்றிச் சிலிண்டருக்குள் சில துளி ஆயில் விட வேண்டும். பேட்டரியைக் கழற்றி வைக்க வேண்டும். எலிக்கு வழியடைக்க வேண்டும். மொத்தம் ஒரு மணி நேர வேலை. இதைச் செய்யச் சரியான நாள், கடைசியாகப் புல் வெட்டிய நாள். கடைசி நாள் எது என்று அன்றைக்குத் தெரியாது. முதல் பனி விழுந்தபின் தெரியும். அப்போது கவனம் ஸ்னோபுளோயர் மேல் இருக்கும்.

பெட்ரோலே வேண்டாம் என்பது இன்றைய தீர்வு. கலிபோர்னியா 2021-ல் சட்டமியற்றி, 2024 முதல் புதிய சிறு பெட்ரோல் எஞ்சின்களின் விற்பனைக்குக் கதவை மூடத் தொடங்கியது. லித்தியம் பேட்டரியில் ஓடும் புல்வெட்டிகளும் ஸ்னோபுளோயர்களும் பரவுகின்றன. கார்புரேட்டர் கிடையாது, கயிறு கிடையாது, பிசின் கிடையாது. அவற்றின் கையேட்டிலும் சேமிப்பு பற்றி ஒரு பக்கம் உண்டு: பேட்டரியை முழுதாகவும் நிரப்பாமல் வெறுமையாகவும் விடாமல், கடுங்குளிர் படாத இடத்தில் வைத்து, சில மாதங்களுக்கு ஒருமுறை எடுத்துப் பார்க்கவும். கையேடு பிளாஸ்டிக் உறைக்குள் பத்திரமாக இருக்கிறது.