கண்மாய்க்கு வரவேண்டிய தண்ணீர்

பொன்னமராவதிப் பக்கம் பிறந்தவர்களுக்கு மீன்பிடித் திருவிழாவை விளக்க வேண்டியதில்லை. அறுவடை முடிந்து கண்மாய்த் தண்ணீர் முழங்காலுக்கு இறங்கியதும் சுற்றுப்பட்டி ஊர்களுக்கெல்லாம் சேதி போய்விடும். விடியுமுன்பே ஊத்தாவும் கச்சாவும் வலையுமாகக் கரை நிறைந்து, ஊர்ப் பெரியவர் எப்போது வெள்ளை வீசுவார் என்று எல்லாரும் அவர் கையையே பார்த்து நிற்க, துண்டு அசைந்த மாத்திரத்தில் அத்தனை பேரும் சேற்றுக்குள் பாய்வோம். விரால் பிடித்தவன் அன்றைக்கு ராஜா. கெளுத்தி முள் குத்தியவனும் சிரித்துக்கொண்டேதான் வீடு திரும்புவான். சாயங்காலம் எந்தத் தெருவில் நடந்தாலும் மீன்குழம்பு வாசம்.

திருவிழா இன்றும் நடக்கிறது, இப்போது சேதி கைபேசியில் வருகிறது. ஆனால் நல்ல மழை பெய்த வருஷத்திலும் நிறையாத கண்மாய்களைப் பார்க்கும்போதுதான் மனசு அடித்துக்கொள்கிறது.

வற்றாத ஆறு இல்லாத மாவட்டம் எங்கள் புதுக்கோட்டை. 5,000-க்கும் மேற்பட்ட கண்மாய்களும் குளங்களும்தான் எங்கள் ஆறு. அவற்றுக்குத் தண்ணீர் தந்தவை செம்மண் மேடுகள். காகிதத்தில் அவை தரிசு. எங்களுக்கோ ஆடு மேயும் காடு, விறகு பொறுக்கிய காடு, பள்ளிக்கூடம் விட்டதும் களாப்பழமும் சூரைப்பழமும் பறித்துச் சட்டைப்பையைக் கறையாக்கிக்கொண்ட காடு. அங்கே பெய்த மழை வரத்து வாரிகளில் ஓடிக் கண்மாய் சேர்ந்தது.

1974-இல் தமிழ்நாடு வனத் தோட்டக் கழகம் உருவானது. காகித ஆலைகளுக்கு மரம் வேண்டும், அரசுக்கு வருவாய் வேண்டும்; மாவட்டத்தின் மேடுகள் வரிசை வரிசையாகத் தைலமரக் காடுகளாயின. சிறுவர்களுக்கு அதுவும் கொண்டாட்டந்தான்: சளி பிடித்தால் இலையைக் கசக்கி முகர்வோம், பட்டை உரிந்த வழவழப்பான மரத்தில் பெயர் கீறுவோம். அந்தக் காடுகளால் கூலிவேலை கிடைத்ததும் நோட்டுப்புத்தகத்துக்குத் தாள் கிடைத்ததும் உண்மை. அதை நான் மறுக்கவில்லை. ஆனால் மரங்களுக்காக மழைநீரைத் தேக்கும் வரப்புகளும் பள்ளங்களும் கண்மாய்க்கு வரவேண்டிய தண்ணீரை மறித்துவிடுகின்றன என்று விவசாயிகள் பல்லாண்டுகளாக முறையிடுகிறார்கள். வெட்டிய மரத்துக்கு வரவுக் கணக்கு இருக்கிறது. நிறையாமல் போன கண்மாய்க்கும் விளையாமல் போன நெல்லுக்கும் செலவுக் கணக்கு எந்த ஏட்டில் இருக்கிறது?

விளைநிலத்தைக் காக்க இந்த மாவட்டம் போராடாமல் இல்லை: 2017-இல் இங்குள்ள நெடுவாசல் மக்கள் ஹைட்ரோகார்பன் திட்டத்தை எதிர்த்து எழுந்தார்கள். 2020-இல் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் வந்தது. அதில் இந்த மாவட்டத்தின் அறந்தாங்கி, ஆவுடையார்கோவில், மணமேல்குடி, திருவரங்குளம், கறம்பக்குடி ஒன்றியங்கள் இடம்பெற்றன. நல்ல சட்டம், மகிழ்ச்சி. ஆனால் மேற்கே வானம் பார்த்த பூமியான பொன்னமராவதி அதில் இல்லை. இங்கே குடிமராமத்துத் திட்டத்தில் கண்மாயை ஆழப்படுத்தினார்கள், கரையைப் பலப்படுத்தினார்கள். தண்ணீர் வரும் மேட்டைத் திறந்துவிடாமல் கண்மாயை மட்டும் தோண்டி என்ன பயன்? தொழில் வளரட்டும், காகிதமும் வேண்டும்தான். கண்மாய்களின் நீர்ப்பிடிப்பில் நிற்கும் தைலமரத்தை அடுத்த வெட்டோடு நிறுத்தி, அந்த நிலத்தை மழைக்கு விட்டுவிட வேண்டும்.

அக்டோபர் 2 கிராமசபை வடகிழக்குப் பருவமழைக்குச் சற்று முன்னால் கூடுகிறது. உங்கள் ஊர்க் கண்மாயின் வரத்து வாரி எங்கே தொடங்குகிறது என்று ஒருமுறை நடந்து பார்த்துவிட்டு வந்து, அதைத் திறந்துவிடக் கோரி அந்தக் கூட்டத்தில் தீர்மானம் போடச் சொல்லுங்கள்.