போலியியல்

மாணாக்க, கேள். போலி என்பது எழுத்துக்கே உரியது என்று பயின்றிருப்பாய். ஆளுக்கும் உண்டு. மூளை நோயுற்றவழி, உற்றாரையும் உறைவிடத்தையும் பிறிதெனக் கொள்ளும் திரிபே ஈண்டு ஆராயப்படுவது. அஃது ஆட்போலி, கோலப்போலி, இடப்போலி, ஆடிப்போலி என நால்வகைப்படும்.

1. ஆட்போலி: எதிரே நிற்பவர்க்குக் கணவரின் முகம் உண்டு, குரல் உண்டு, ஆயினும் கணவர் அல்லர் எனத் துணிதல். காதோர வடு, சற்றே நீண்ட மீசை போல்வன போலியரைக் காட்டிக்கொடுக்கும். பிரான்சு நாட்டு மருத்துவர் கப்கிரா, தோழர் ஒருவரொடு 1923-இல் இதனை விளக்கினார். இதன் உட்பிரிவு இரண்டு.

(அ) ஒற்றைப்போலி: வந்தவன் ஒருவனே.

(ஆ) தொடர்போலி: ஒருவன் போக, அடுத்தவன் வருதல். கப்கிராவிடம் வந்த பெண்மணிக்கு வாய்த்தது இது.

தலையில் அடிபட்ட ஒருவர், நேரில் கண்ட பெற்றோரைப் போலியர் என்றார். தொலைபேசியில் பேசியபோது பெற்றோர் என்றே ஏற்றார். இதனை 1997-இல் எழுதிய இருவருள் ஒருவர் தமிழ்நாட்டில் பிறந்த வி. எசு. இராமச்சந்திரன். முகத்தை அறியும் வழி நன்றாயிருக்க, அம்முகம் கண்டு நெஞ்சு நெகிழும் வழி அறுபட்டது. செவிவழிக்கு ஊறில்லை என்பது அவர் விளக்கம். போலியர் தொலைபேசியை எடுப்பதில்லை என்பது நம் துணிபு.

2. கோலப்போலி: முன்னதன் மறுதலை. அயலார் பலரும், கோலம் மாற்றிவந்த ஒருவரே எனல். நொடியில் உடை மாற்றும் இத்தாலியக் கூத்தர் பிரெகோலியின் பெயரால் வழங்கும். 1927-இல் மருத்துவர் விவரித்த பெண்ணொருத்தி, நடிகை சாரா பெர்னார் தன்னைப் பின்தொடர்வதாகக் கூறினாள். பெர்னார் இறந்தது 1923-இல். கோலம் புனைதற்கு இறப்பு தடையன்று என்க.

3. இடப்போலி: இருக்கும் மருத்துவமனை போல் வேறோரிடத்திலும் ஒன்று உண்டு எனல். பிராகு மாநகரில் ஆர்னால்டு பிக்கு 1903-இல் பெயரிட்டார். வலமூளையும் நெற்றிமூளையும் ஊறுபட்டார்க்கு மிகுதி.

4. ஆடிப்போலி: கண்ணாடியில் தெரியும் தன்னை அயலாராகக் கொள்ளல். மறதிநோயுற்ற முதியோரிடம் காண்க. பேச்சுத்துணை ஆடியர், வெருட்டும் ஆடியர் என இருதிறத்தர். பின்னவர்க்குத் துணிபோட்டு மூடுக, முன்னவரை விட்டுவிடுக.

புறனடை: வீட்டார் “நானேதான் உன் கணவன்” என வழக்காடற்க, போலியனும் அதையே சொல்வான். அறைக்கு வெளியே நின்று குரல்கொடுத்து, பேசிக்கொண்டே உள்ளே வருக. திரிபு புதிதாய்த் தோன்றியதாயின் அன்றே மருத்துவரிடம் காட்டுக.