தட்டோரத்துக் கறிவேப்பிலை: ஓர் ஆய்வு

கலவைகளைப் பிரிக்கும் முறைகளைப் பட்டியலிடும் பள்ளிப் பாடநூல்கள், கையால் பொறுக்குதலை முதலில் வைப்பது வழக்கம். தூற்றுதல், சலித்தல், தெளியவைத்து இறுத்தல், வடிகட்டுதல், ஆவியாக்குதல் என்று அதன்பின் மதிப்பு ஏறிக்கொண்டே போகும். அரிசியில் கல் பொறுக்குவது அரிச்சுவடி, உப்பளம் உயர்கல்வி என்பது இந்த வரிசை சொல்லாமல் சொல்லும் செய்தி. இது தலைகீழ் வரிசை என்று நிறுவுவதே இவ்வாய்வின் நோக்கம். நாள்தோறும் தட்டோரங்களில் குவிந்தும் ஆய்வுலகின் கண்ணில் படாத கறிவேப்பிலையே நம் சான்றுப்பொருள்.

மற்ற முறைகள் எல்லாம் ஏதாவதொரு பௌதிக வேறுபாட்டை நம்பிப் பிழைப்பவை. பதர் இலேசு, அதனால் காற்றோடு போகிறது. கப்பி பெரிது, அதனால் சல்லடையில் நிற்கிறது. மண்டி கனம், அதனால் ரசம் தெளிகிறது. வெண்ணெய் அடர்த்தி குறைந்தது, அதனால் கடைந்தால் மேலே திரள்கிறது. சாம்பாரில் கிடக்கும் கறிவேப்பிலையிடம் இந்த விதிகள் செல்லா. சலித்தால் முருங்கைக்காயும் கூடவே நிற்கும். தெளியவிட்டால் பாதி இலை மிதக்கும், பாதி அடியில் கிடக்கும். ஆவியாக்கினால் தண்ணீர்தான் போகும். இலை இன்னும் உறுதியாக ஒட்டிக்கொள்ளும். அதில் இரும்புச்சத்து உண்டென்றாலும் காந்தம் ஏறெடுத்தும் பார்க்காது. கருவிகள் கைவிட்ட இடத்தில் கைகொடுப்பவை கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும்தான். அவை எடையோ அளவோ பார்ப்பதில்லை, ஆளை அடையாளம் காண்கின்றன. தயிர்சாதத்தில் இதற்குக் கண் போதும்; கருத்த வத்தக்குழம்பில் தொட்டுப் பார்த்தாக வேண்டும்; இரண்டையும் ஏமாற்றி வாய்க்குள் போனதை நாக்கு பிடித்துத் திருப்பி அனுப்பும். இத்தனை காவல் கொண்ட வடிதாள் எந்த ஆய்வகத்திலும் இல்லை.

எறியப்போவதை ஏன் போட வேண்டும் என்பது முதல் மறுப்பு. நன்றிகெட்ட செயலுக்கே கறிவேப்பிலையை உவமையாக்கியவர்கள் நாம். ஆனால், தாளிப்பு என்பதே ஒரு பிரித்தெடுத்தல். இலையின் வாசனைப் பொருள்கள் தண்ணீரில் எளிதில் கரையாதவை, எண்ணெயில் கரைபவை; சூடான எண்ணெய் கரைப்பானாக நின்று அவற்றை வாங்கிக்கொள்கிறது. மணம் இறங்கியபின் மிஞ்சுவதைச் சக்கை என்பது வேதியியல் நடைமுறை. இதில் நன்றிக்கு வேலையில்லை. சக்கையா, நார்ச்சத்தும் சுண்ணாம்புச்சத்தும் இலையிலேயே இருக்கின்றனவே என்பார் சத்துணவு வல்லுநர். உண்மைதான். அவர் அதைத் துவையலாக அரைக்கலாம், பொடியாக இடிக்கலாம். அப்போது எந்த விரலாலும் பிரிக்க முடியாது என்பதால், அவ்விரண்டும் இவ்வாய்வின் எல்லைக்கு அப்பாற்பட்டவை.

விரல் வேலை அறிஞர்களுக்கு அழகல்ல என்பது இரண்டாவது மறுப்பு. அறிஞர்கள் செய்ததையே பார்ப்போம். தாவரவியலாளர் லின்னேயஸின் மாணவரும் 1768-இல் தரங்கம்பாடிக்கு மருத்துவராக வந்தவருமான கோனிக்கின் பெயரைத் தாங்கி, கறிவேப்பிலைச் செடி முதலில் பெர்கெரா பேரினத்தில் இருந்தது. 1825-இல் தாவரவியலாளர் ஸ்பிரெங்கல் அதை முர்ராயா பேரினத்தோடு கலந்தார். பின்வந்த ஆய்வாளர்கள் அதைப் பொறுக்கி எடுத்து மறுபடியும் பெர்கெராவில் வைத்திருக்கிறார்கள். ஆக, தாவரவியலின் தட்டிலும் கறிவேப்பிலை ஓரத்துக்குத்தான் போயிருக்கிறது.

இயந்திர யுகத்தில் கைக்கு என்ன பெருமை என்பது கடைசி மறுப்பு. அரிசி ஆலைகளில் சார்டெக்ஸ் என்று வழங்கும் இயந்திரத்தைக் காட்டுவார்கள். அதன் கேமரா கறுத்த அரிசியை நிறத்தால் கண்டுபிடிக்கிறது, உடனே காற்று ஊதி அதைத் தள்ளுகிறது. இது நம் கட்சிக்கே சாட்சி. சலித்துப் புடைத்த பிறகும் தங்கிவிடும் கறுப்பரிசிக்காக, மின்னணுவியல் இத்தனை செலவில் வந்து சேர்ந்திருக்கும் இடம், முறத்தின் முன் உட்கார்ந்து பொறுக்கிய கையின் இடம்தான்.

எனவே, பாடநூல் வரிசையில் கையால் பொறுக்குதலைக் கடைசிக்கு, அதாவது உச்சிக்கு, மாற்ற வேண்டும் என்பது இவ்வாய்வின் முடிவு. மாணவர்கள் அதுவரை காத்திருக்க வேண்டியதில்லை. தட்டோரத்து இலைகளைக் காட்டி அம்மா கேட்டால், அறிவியல் செய்முறைப் பயிற்சி என்று சொல்லலாம். மதிப்பெண் அவர் கையில்.