அம்மியில் அரைத்த ராக் அண்ட் ரோல்

கேள்வி: 1950-களின் ராக் அண்ட் ரோலை இன்றைய பிள்ளைகள் வாசித்தால் அது வெறும் மிமிக்ரிதானே?

பதில்: அம்மியில் அரைத்தால் சட்னி பழசாகிவிடுமா?

லண்டனின் கென்டிஷ் டவுனைச் சேர்ந்த கிட்டி, டெய்ஸி, லூயிஸ் மூவரும் உடன்பிறந்தவர்கள், அந்தப் பழைய ராக் அண்ட் ரோலை வாசிக்கும் ஒரே இசைக்குழு. 2008-ல் முதல் ஆல்பம் வெளிவந்தபோது கடைக்குட்டி கிட்டிக்குப் பள்ளிக்கூட வயசு. அப்போது வீட்டிலேயே ஸ்டுடியோ. கம்ப்யூட்டருக்கு வேலையே இல்லை. பழைய மைக், பழைய டேப் மெஷின். எல்லோரும் ஒரே அறையில் சேர்ந்து வாசிக்கும்போது, டிரம்ஸ் சத்தம் தூக்கலாக இருந்தால் குமிழைத் திருகித் தப்பிக்க முடியாது. மைக்கைத் தள்ளி வைக்க வேண்டும். ஒருவர் சொதப்பினால் எல்லோரும் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். அந்தப் பதற்றமும் பாட்டில் கேட்கும், அதுதான் அதன் உயிர்.

லூயிஸுக்கு 78 ஆர்.பி.எம். இசைத்தட்டு என்றால் பைத்தியம். பத்து அங்குலத் தட்டின் ஒரு பக்கத்தில் சுமார் மூன்று நிமிடம்தான் அடங்கும். அந்தக் காலப் பாட்டு சட்டென்று தொடங்கிச் சட்டென்று முடிந்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

நகல் எடுப்பவர்கள் ஓரிடத்திலேயே நின்றுவிடுவார்கள். இவர்களோ 2011-ல் ஜமைக்காவின் ஸ்கா இசைக்குத் தாவினார்கள். 2015-ல் வந்த மூன்றாவது ஆல்பத்தைத் தயாரித்தவர் 'தி கிளாஷ்' இசைக்குழுவின் மிக் ஜோன்ஸ். மேடையில் டிரம்ஸ், கிட்டார், பியானோ என்று மூவரும் இடம் மாறி மாறி உட்காருவார்கள். டபுள் பாஸ் வாசிப்பது அம்மா இங்கிரிட் வைஸ், ஒருகாலத்தில் 'தி ரெயின்கோட்ஸ்' குழுவின் டிரம்மர். ரிதம் கிட்டார், அப்பா. 'கிட்டாரை வைத்துவிட்டுப் போய்ப் படி' என்று அதட்ட அந்த வீட்டில் யார் மிச்சம்?